செல்லப்பிராணிக்கு இயன்முறைச் சிகிச்சை: நிலையத்தில் எதைப் பார்ப்பது?

முதுகெலும்பு வட்டு பாதிக்கப்பட்ட டாக்ஸ்ஹண்ட், முழங்கால் தசைநாரில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட லேப்ரடார், மூட்டுவாதத்தால் படியேற மறுக்கும் முதிய நாய். இயன்முறைச் சிகிச்சைக்கு இத்தகைய நாய்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. நிலையத்துக்குள் நுழைந்ததும் உரிமையாளரின் கண் கண்ணாடித் தொட்டியில் உள்ள நடைப்பொறியைத் தேடும். முதலில் பார்க்க வேண்டியது தரையை.

பின்னங்கால் வலுவிழந்த நாய் ஒருமுறை சறுக்கினாலே அறுவை செய்த மூட்டு மீண்டும் பாதிக்கப்படலாம். வாசல் முதல் சிகிச்சை அறை வரை வழுக்காத விரிப்பு வேண்டும். (வீவக வீட்டின் பளபளக்கும் தரைக்கும் இது பொருந்தும்.) மேசையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். 30 கிலோ நாயைத் தூக்கி வைப்பது நாய்க்கும் நல்லதல்ல, ஊழியரின் முதுகுக்கும் நல்லதல்ல.

நீர் நடைப்பொறி வெறும் ஆடம்பரமன்று. நீர் இடுப்பு மூட்டளவு இருந்தால் நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ 38 விழுக்காடுதான். முழங்கால் அளவு என்றால் 85 விழுக்காடு. எனவே, நீர்மட்டத்தை நாய்க்கேற்ப அமைக்கத் தெரியாதவரிடம் அந்தத் தொட்டி இருந்தும் பெரிய பயனில்லை. நீரின் வெப்பநிலை பொதுவாக 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நாயின் ரோமமும் தோல் எண்ணெயும் குளோரினை விரைவில் தீர்த்துவிடுவதால், நாளுக்குப் பலமுறை நீரைச் சோதித்துக் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டைக் கேட்டுப் பார்க்கலாம், தயங்க வேண்டியதில்லை. ஆறாத காயமுள்ள நாயை நீரில் இறக்கக்கூடாது. வெதுவெதுப்பான நீரோடு நம்மூர்ப் புழுக்கமும் சேர்ந்தால் பக் போன்ற தட்டைமுக நாய்களுக்கு மூச்சுத் திணறும். காற்றோட்டமும் உயிர்காப்பு அங்கியும் கட்டாயம் தேவை.

லேசர் சிகிச்சையின்போது அறையில் உள்ள அனைவரும் அதற்குரிய கண்ணாடி அணிய வேண்டும், நாயின் கண்களையும் மறைக்க வேண்டும். புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் லேசரைப் பயன்படுத்துவதில்லை.

மலிவான இரண்டு கருவிகளை மறந்துவிட வேண்டாம்: தொடைச் சுற்றளவை அளக்கும் நாடா, மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோணமானி. இவற்றால் எடுத்த பதிவு இல்லையென்றால் நாய் தேறுகிறதா என்பது வெறும் ஊகமே.

சிங்கப்பூரில் கால்நடை மருத்துவராகப் பணியாற்ற, தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் உரிமம் தேவை. நோயைக் கண்டறிவது அவர் வேலை. அவருடைய பரிந்துரையையும் எக்ஸ்ரே படங்களையும் முதல் நாளே கேட்டு வாங்கும் நிலையத்தை நம்பலாம். பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்தாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, இயன்முறைச் சிகிச்சைக்கு முன்பதிவு செய்து காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.