பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கம்

சின்ன வயசுல புதுப் பாடப்புத்தகம் கைக்கு வந்ததும் நான் முதல்ல புரட்டுறது கடைசிப் பக்கத்தைத்தான். அச்சகத்தோட பேருக்குப் பக்கத்துல 'சிவகாசி'ன்னு இருந்தா ஒரு பெருமை. நம்ம ஊர்ல அடிச்ச புக்கைத்தானே சென்னைப் பயலும் படிக்கிறான்!

கதை தீப்பெட்டியில ஆரம்பிக்குது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கும், பின்னாடி வந்த பட்டாசுக்கும் லேபிள் வேணும். அதுக்காக வந்த அச்சு மெஷின்கள்தான் காலண்டர், டைரின்னு கிளை விட்டுச்சு. ஸ்வீடன்காரங்களோட விம்கோ மெஷின்ல செஞ்சு குவிச்சப்போ, கையால செய்யற தீப்பெட்டிக்குக் கலால் வரியைக் குறைச்சு அரசாங்கம் தாங்கிப் பிடிச்சது.

அச்சுத் தொழிலுக்கு அரசாங்கமே பெரிய வாடிக்கையாளர் ஆச்சு. 1970-ல் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வந்துச்சு. அந்த ஆர்டர் எவ்வளவு முக்கியம்னு 2011-ல் புரிஞ்சது. சமச்சீர் கல்வி வழக்கு. பள்ளிக்கூடம் திறந்தாச்சு, அடிச்ச புத்தகம் காத்துக் கிடக்கு. ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி பிறந்துச்சு.

சரி, உள்ளூர்க்காரன்னு சலுகை உண்டா? 1998-ம் வருஷத்து தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தோட அடிப்படை, தகுதி உள்ளவங்கள்ல குறைஞ்ச விலை. நம்ம பாஷையில சொன்னா, விலைவாரியா சார்ட் பண்ணி முதல் ரோவை எடுக்கிற கொயரி. மத்திய அரசு 2012-ல் சிறுதொழில்களுக்கு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. குறைஞ்ச விலையை விட 15 சதவீதம் வரை கூடக் கேட்ட சிறு நிறுவனமும், அந்த விலைக்கு இறங்கி வந்தா ஆர்டர்ல ஒரு பங்கு வாங்கலாம். இலக்கு 20 சதவீதம், 2018-ல் 25 ஆச்சு. ஆனா அது மத்திய அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறைக்கும்தான். அதுவும் 'சின்னவன்'னு தர்ற சலுகை, 'பக்கத்து ஊர்க்காரன்'னு இல்ல. அமெரிக்காவுல 2008 விவசாயச் சட்டம், பள்ளிச் சாப்பாட்டுக்கு உள்ளூர் விளைச்சலுக்கு முன்னுரிமை தரலாம்னு அனுமதிச்சது.

எங்க மாமா சின்னதா ஒரு ஆஃப்செட் வச்சிருக்கார். ஒரு தடவை ஏதோ ஒரு அரசு டெண்டர் ஃபாரம் வாங்கினார். கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைப் பார்த்துட்டு மடிச்சு வச்சுட்டார். இப்ப பெரிய பிரஸ்ஸுக்கு பைண்டிங் ஜாப் வொர்க். கேட்டா, "மாப்ள, புக்கு நம்ம ஊர்லதான் அடிக்குது. பில்லு மட்டும் நம்ம பேர்ல இல்ல"ம்பார்.

ஆர்டரைச் சின்னச் சின்ன லாட்டா பிரிச்சாலே மாமா மாதிரி ஆளுங்க உள்ள வரலாம்னு எனக்குத் தோணுது. விலை கொஞ்சம் கூடுமேன்னு நீங்க கேப்பீங்க. கூடலாம். அந்தக் கொஞ்சம் எங்க ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேரும்ங்கிறதையும் கணக்குல சேர்த்துக்கோங்க. வேற யோசனை இருந்தா பின்னூட்டத்துல போட்டுத் தாக்குங்க மக்கா.