ஆறு நாள் ஓட்டமும் ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகமும்

சென்ற மாதம் பிரான்ஸிலிருந்து என் மகன் போன் செய்தான். நலம் விசாரித்து முடித்ததும், "அப்பா, ஆறு நாள் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கேன்" என்றான். ஆறு நாள் நடக்கும் ஏதோ விளையாட்டு விழா என்று நினைத்தேன். இல்லையாம். 144 மணி நேரம் ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஓடலாம், நடக்கலாம், உட்காரலாம், தூங்கலாம். ஆனால் கடிகாரம் மட்டும் நிற்காது. மணி அடிக்கும்போது அதிக தூரம் போயிருப்பவர் முதல்வர். அவனுக்கு வயது 46.

"உனக்கென்னடா பைத்தியமா? யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க வந்து எனக்குத் துணையா இருக்க முடியுமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அதன் பிறகு பத்து நாள் பேச்சில்லை. வீட்டில் சோறு கிடைத்ததே தவிர, அவன் அம்மாவும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மனசு கேட்காமல் இந்த ஓட்டத்தின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளியில் படித்த பிரெஞ்சும், ஆபீசில் பழகிய ஆங்கிலமும் கைகொடுத்தன.

முதல் கேள்வி, அது ஏன் ஆறு நாள்? ஐந்தோ ஏழோ இருக்கக்கூடாதா? காரணம் ஞாயிற்றுக்கிழமை. 1870களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஞாயிறன்று கேளிக்கை கூடாது. அதனால் ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் போட்டியைத் தொடங்கி சனிக்கிழமை இரவு முடித்துவிடுவார்கள். வாரத்தில் மிச்சமிருந்தது ஆறு நாள்தான்.

இந்தப் பைத்தியத்தைத் தொடங்கி வைத்தவர் எட்வர்ட் பேசன் வெஸ்டன் என்ற அமெரிக்கர். 1861ல் ஒரு பந்தயத்தில் தோற்றதற்காக, லிங்கன் பதவியேற்பைப் பார்க்க பாஸ்டனிலிருந்து வாஷிங்டனுக்கு நடந்தே போனார். சில மணி நேரம் தாமதம். பதவிப் பிரமாணம் முடிந்துவிட்டது. பல முறை முயன்று தோற்று, கடைசியில் 1874 டிசம்பரில் நியூவார்க் நகரில் ஆறு நாளுக்குள் 500 மைல் நடந்து காட்டினார். மறு வருஷமே அயர்லாந்தில் பிறந்த டேனியல் ஓ'லியரி சிகாகோவில் அவரைத் தோற்கடித்தார். 1877ல் லண்டன் அக்ரிகல்சுரல் ஹாலில் இருவரும் மறுபடி மோதினார்கள். இருவருமே 500 மைலைத் தாண்டினார்கள். மறுபடியும் ஓ'லியரிதான் ஜெயித்தார். அடுத்த வருஷம் சர் ஜான் ஆஸ்ட்லி என்ற பிரபு ஒரு பெல்ட்டைப் பரிசாக வைத்து, "நடந்தாலும் சரி, ஓடினாலும் சரி, உன் இஷ்டம்" என்று விதியைத் தளர்த்தினார். இன்றைய ஆறு நாள் ஓட்டம் அப்படி உருவானதுதான்.

இதற்கு எப்படித் தயாரானார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. இவர்கள் வேகத்தைப் பெரிதாக நினைக்கவில்லை. சார்லஸ் ரோவெல் என்ற ஆங்கிலேயரின் நிதானமான ஓட்டத்தை நாய் ஓட்டம் என்று கேலி செய்தார்கள். அந்த ஓட்டத்தாலேயே 1879ல் நியூயார்க்கில் 500 மைல் போய் பெல்ட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். ஓ'லியரி உள்ளங்கை வியர்வைக்காக இரண்டு கையிலும் சோளத் தக்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். வெஸ்டன் லண்டனில் கோக்கா இலையை மென்றுகொண்டே நடந்ததாக ஒப்புக்கொண்டதும் டாக்டர்கள் மத்தியில் பெரிய விவாதமே நடந்தது. எய்டா ஆண்டர்சன் என்ற பெண்மணி புருக்ளினில் ஒவ்வொரு கால் மணிக்கும் கால் மைல் என்று 2700 கால் மைல் நடந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 நாள். ஒரு முறைகூடப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கியிருக்க முடியாது. தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தூங்குவதையே ஒரு பயிற்சியாகப் பழகியிருக்கிறார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னொரு விஷயத்தைப் படித்தபோது. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மரத்தூள் பரப்பிய பாதையில் எட்டுச் சுற்று ஒரு மைல். 500 மைல் என்றால் 4000 சுற்று. இன்று ஓடுபவர் காலில் சிப் கட்டிவிடுகிறார்கள், கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்கிறது. அன்று ராத்திரி பகலாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு சுற்றையும் கையால் குறித்தவர்கள் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்! ஒரு கோடு விட்டுப்போனால் ஓடியவனுடைய உழைப்பு காணாமல் போய்விடும். முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்டர் எழுதியவனுக்கு அது புரியாமல் போகுமா?

1882ல் நடந்ததைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. ரோவெல் அந்த முறை முதல் நாளிலேயே 150 மைல், மூன்றாம் நாளில் 300 மைல் என்று யாரும் எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். அப்போது ஒரு கோப்பை வினிகரை வேறு ஏதோ பானம் என்று நினைத்துக் குடித்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. வயிறு கெட்டது. கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போட்டியை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஜார்ஜ் ஹேசல் 600 மைல் போய் ஜெயித்தார். ஒரு கோப்பையை முகர்ந்து பார்த்துக் கொடுக்க ஆள் இருந்திருந்தால் போதும்.

1888ல் ஜார்ஜ் லிட்டில்வுட் 623¾ மைல் போனார். அதன் பிறகு ஜனங்கள் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போய்விட்டார்கள். என் பள்ளி நாட்களில் பிரெஞ்சுக்காரர்கள் 'சீ ழூர்' (ஆறு நாள்) என்றால் சைக்கிளைத்தான் சொல்வார்கள். 1980ல் கலிபோர்னியாவில் ஆறு நாள் ஓட்டம் மறுபடி உயிர்பெற்றது. 1982லிருந்து பிரான்ஸில் லா ரொஷேல் நகரிலும் நடந்தது. லிட்டில்வுட்டின் தூரத்தை மிஞ்ச 96 வருஷம் ஆயிற்று. 1984ல் கிரேக்கர் யானிஸ் கூரோஸ் நியூயார்க்கில் 1022 கிலோமீட்டர் ஓடினார்.

பதினோராம் நாள் நானே மகனுக்குப் போன் செய்தேன். "எவ்வளவு தூரம் போகணும்னு கணக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "500 கிலோமீட்டர்" என்றான்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 144 மணிக்கு 500 என்றால் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர். நான் பீச் ரோட்டில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை போகிற வேகம்! ஆனால் தினம் ஆறு மணி நேரம் தூக்கம், சாப்பாடு, புண்ணுக்கு மருந்து என்று போனால் மிச்சம் 108 மணி. அப்போது மணிக்கு நாலே முக்கால் கிலோமீட்டர் கிட்டே வருகிறது. நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கால்தான் வட்டி கட்ட வேண்டும். இதைச் சொன்னதும், "அப்பா, அதுதான் விஷயமே" என்றான்.

அவன் தயாரிப்பும் அப்படித்தான். சனிக்கிழமை நீண்ட தூரம் போய்விட்டு, அலுத்த காலோடு ஞாயிறும் போகிறான். வேகமாக நடக்கத் தனிப் பயிற்சி. நாள் ஆக ஆகப் பாதம் வீங்கும் என்பதால் ஒரு சைஸ் பெரிய ஷூ. நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வயிற்றைப் பழக்குகிறான். பாதையோரம் சாப்பாடு கொடுக்கும் இடத்தை 'ரவித்தாய்மான்' என்றான். அந்தச் சொல்லை நான் பள்ளியில் நெப்போலியன் பாடத்தில் கற்றேன். படைக்கு உணவு அனுப்புவது. ரஷ்யாவிலே அது போகாமல்தான் அவன் படை பட்டினி கிடந்தது என்று எங்கள் வாத்தியார் மேஜையைத் தட்டிச் சொல்வார்.

"உங்க முட்டிக்கு முடியுமாப்பா?" என்று கேட்டான். வெஸ்டனைப் பற்றிச் சொன்னேன். 1909ல் தன் எழுபதாவது பிறந்தநாளன்று நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நடக்கக் கிளம்பினார் அந்த மனிதர். நூறு நாள் என்று குறித்திருந்தார். நாலைந்து நாள் கூடிவிட்டது. அது பொறுக்காமல் மறு வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்கு 80 நாளுக்குள் நடந்து வந்தார்.

"நான் நடக்கப் போறதில்லையே, நாற்காலியிலே உட்காரத்தானே போறேன்" என்றேன். சிரித்தான்.

நேற்று பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நேரு வீதியில் இருநூறு பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். நேரம், சுற்று, சாப்பிட்டது, தூங்கியது, குறிப்பு என்று ஐந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அவன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கோப்பையை மோந்து பாத்துக் குடுங்க, அது போதும்" என்றாள்.