திடீர் என்றொரு சொல்

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதி பிற்பகல், ஆசிரியபீடத்தில் நாங்கள் இருந்தபோது இத்தாலியின் ஜெனோவா நகரிலிருந்து முதற் படங்கள் வந்தன. மழையில் நனைந்த நெடும்பாலம்; நடுவே பெரும் வெறுமை; அதன் விளிம்பில் நின்றுவிட்ட ஒரு பச்சை லொறி. இறந்தோர் தொகை இறுதியில் 43 ஆயிற்று. ‘பாலம் திடீரென இடிந்தது’ என்று தலைப்பிட்டவன் நான். அந்தத் ‘திடீர்’ பிழை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

1967இல் திறக்கப்பட்ட அப்பாலத்தை வடிவமைத்தவர் ரிக்கார்டோ மொராண்டி. பாலத்தைத் தாங்கும் உருக்கு வடங்களைத் துருவிலிருந்து காக்கவென அவர் கொங்கிறீட்டினுள் பொதிந்தார். காப்பாக வந்த கொங்கிறீட்டே திரையுமாயிற்று. உள்ளே வடம் அரித்துத் தேய்வது வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் ஒரு கோபுரத்தின் வடங்கள் பழுதுபட்டிருந்ததைக் கண்டு புறத்தே புது வடங்கள் இட்டனர். 2018இல் சரிந்தது வேறொரு கோபுரம். அதன் வடத்தைத் துரு தின்றிருந்தது என்று நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் 2020இல் கூறினர்.

நான் இளம் நிருபராக இருந்த காலத்தில், பழைய பாலமொன்றின் அடியில் ஒரு பொறியியலாளர் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் நெஞ்சில் தட்டுவது போலத்தான். மேற்பரப்பை அண்டிய வெடிப்பை அந்த ஓசை காட்டிக்கொடுக்கும்; ஆழத்தில் உள்ளதைக் காட்டாது.

ஆழத்தைக் காண உதவிய கருவி தொலைபேசிக்காக உருவான கண்ணாடி இழை. 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில்லும் தோழர்களும் இத்தகைய இழையொன்றினுள் லேசர் ஒளியைச் செலுத்தியபோது, ஒளியின் ஒரு பகுதி திரும்பி வரத் தொடங்கியது. நேரம் செல்லச் செல்ல அது வலுத்தது. ஒளியே கண்ணாடியினுள் நுண்ணிய வரிகளைப் பொறித்திருந்தது! அவ்வரிகள் ஒரேயொரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் அந்த அலைநீளமும் மாறும். ஒரு மீற்றரில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு நீட்சியையும் இவ்வாறு அளந்துவிடலாம். 1989இல் ஜெரால்ட் மெல்ட்ஸ் குழுவினர் வரிகளைப் பக்கவாட்டிலிருந்து புறஊதா ஒளியால் பொறிக்கும் முறையைக் கண்டபின், வேண்டிய இடத்தில் வேண்டியவாறு உணரி அமைப்பது சாத்தியமாயிற்று.

1993இல் கனடாவின் கல்கரி நகரில் பெடிங்டன் ட்ரெயில் பாலத்தினுள் இவ்வுணரிகளைப் புதைத்தனர். ஆறாண்டுகளின் பின் சோதித்தபோதும் அவை இயங்கின. குறையில்லாத கருவியென்று சொல்லமாட்டேன். வரி பொறித்த இடத்தை மட்டுமே அது அறியும். நாலடி தள்ளி விழும் வெடிப்பு தப்பிவிடலாம். முழு இழையையும் உணரியாக்கும் வேறு முறைகள் அதற்காகவே வளர்ந்தன. கொங்கிறீட்டின் காரத்தன்மை கண்ணாடியையே அரிக்குமாதலால் இழைக்கு மேலுறையும் வேண்டும்.

கல்கரியில் உணரி புதைத்த அதே காலத்தில்தான் ஜெனோவாவில் ஒரு கோபுரத்துக்கு வைத்தியம் நடந்தது. எஞ்சிய வடங்களுக்குக் கால் நூற்றாண்டு அவகாசம் இருந்தது.

மினியாபொலிஸில் 2007இல் உருக்குப் பாலம் வீழ்ந்து 13 பேர் மாண்டனர். மறு ஆண்டு அங்கு எழுந்த கொங்கிறீட் பாலத்தில் 300க்கு மேற்பட்ட உணரிகள். அவற்றுள் ஒளியிழை உணரிகளும் உண்டு. ஜெனோவாவின் புதிய பாலம் 2020இல் திறக்கப்பட்டது. அதிலும் உணரிகள் வைத்திருக்கிறார்கள்.