தோட்டா: குண்டின் பெயரா, குழலின் பெயரா?

பள்ளியில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் படித்த எவருக்கும் 'கொழுப்பு தடவிய தோட்டா' என்ற தொடர் மறந்திருக்காது. அதைச் சிப்பாய்கள் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்தது என்பதும் அதே பாடத்தில் வரும். ஆனால் இன்றைய பேச்சில் தோட்டா என்றால் மார்பில் பாய்வது, சுவரைத் துளைப்பது, அறுவை செய்து வெளியே எடுப்பது. அப்படியானால் ஈயக் குண்டை ஏன் கடிக்க வேண்டும், கடித்து எதைத் திறப்பது? பாடநூல் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. இடையில் நகர்ந்தது சொல்லின் பொருள். தோட்டா என்பது குண்டுக்கு வைத்த பெயரன்று, அளந்த மருந்தை அடைத்த குழலுக்கு வைத்த பெயர். குண்டு அதில் பின்னால் வந்து குடியேறியது. இன்று வீட்டுக்காரரின் பெயரையும் தனதாக்கிக்கொண்டது.

முதலில் பொருளைப் பார்ப்போம். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா முழுக்கக் காகிதத்தால் ஆனது. மரக்கோலில் சுற்றி எடுத்த காகிதக் குழலின் ஒரு முனையில் ஈயக் குண்டு. மீதிக் குழலில் ஏறத்தாழ 68 கிரெய்ன், அதாவது நாலரை கிராம் அளவுக்குக் கருமருந்து. மறு முனை முறுக்கி மூடியிருக்கும். சிப்பாய் மருந்துப் பக்கத்து முனையைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாய்வாயில் கொட்டுவான். பிறகு மிச்சத்தைத் தலைகீழாகத் திருப்பி, குண்டைக் காகித உறையோடு வாயில் செருகி, எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, இடிகோலால் கெட்டிப்பான். கொழுப்பு தடவியிருந்தது குண்டைச் சுற்றிய காகிதத்தின் மேல், உறை வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்குவதற்காக. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பரவிய அச்சம் முழுவதும் அந்த உறையைப் பற்றியதுதான். மீரட்டில் 1857 ஏப்ரல் 24 அன்று 90 குதிரைவீரர்களில் 85 பேர் தொட மறுத்தது ஈயத்தையன்று, காகிதத்தை.

சொல்லின் வரலாறும் குழலைத்தான் காட்டுகிறது. தமிழில் 'தோடு' என்றால் ஓலை, இதழ், மேலோடு. ஆகவே உறை என்ற பொருளில் தோட்டா அதிலிருந்து பிறந்தது என்று சொல்லத் தோன்றும். கேட்பதற்கும் பொருத்தமாக இருக்கும். ஆனால் பொருத்தம் மட்டும் சான்றாகாது. 'தோடு' தமிழின் பழஞ்சொல். தோட்டாவோ துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றின் கூட்டாளியாக மட்டுமே நம்மிடம் புழங்குகிறது. அந்தத் துப்பாக்கி என்ற சொல்லே துருக்கிய மூலம் கொண்டு, படைகளோடு வந்து சேர்ந்தது. இந்துஸ்தானியில் இதே பொருளுக்கு 'டோட்டா' என்ற சொல் இருக்கிறது. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால், மராத்தி 'டபால்' நம்மிடம் தபால் ஆனதுபோல் டோட்டாவும் தோட்டா ஆகியிருக்கிறது. இந்தி அகராதிகள் டோட்டாவுக்குத் தரும் மற்றப் பொருள்கள்தாம் வழக்கைத் தீர்த்துவைக்கின்றன: வெட்டிய மூங்கில் துண்டு, எரிந்து எஞ்சிய மெழுகுவத்தித் துண்டு, ஒருவகை வாணவெடி. எல்லாம் குட்டையான, உருண்ட, நீள் வடிவப் பொருள்கள். ஒன்றுகூடப் பறந்து போய்த் தைப்பதன்று. ஐரோப்பியச் சொல்லும் இதே கதைதான். இந்தியில் வழங்கும் 'கார்தூஸ்', பிரெஞ்சு 'கார்த்தூஷ்' ஆகியவற்றின் அடியில் இருப்பது காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'கார்த்தா'.

குண்டே இல்லாத தோட்டாக்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. கிணறு வெட்டும்போதும் கல்குவாரியிலும் பாறையில் துளையிட்டு வைப்பது தோட்டா. மீனைக் கொல்லத் தண்ணீரில் திருட்டுத்தனமாக வீசுவதும் தோட்டா. மலையாளத்தில் 'தோட்ட' என்றாலே அந்த வெடிதான். இவற்றில் குண்டு எங்கே இருக்கிறது? அடைத்த மருந்தும் அதைத் தாங்கும் உறையும் மட்டுமே. பழைய பீரங்கிக்கும் கம்பளித் துணிப் பையில் தைத்த மருந்து தனி, இரும்புக் குண்டு தனி. மருந்தை அளந்து பொதிவதுதான் இதன் அடிப்படை. குண்டைச் சேர்த்துக் கட்டியது, போர்க்களத்தில் சிப்பாயின் கை வேலையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு.

அப்படியிருக்கப் பெயர் குண்டுக்கு மாறியது எப்படி? விடை 1866க்குப் பிந்தைய துப்பாக்கிகளில் இருக்கிறது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் படை ஏற்ற ஸ்னைடர் துப்பாக்கிக்காக, ஊல்விச் ஆய்வுச்சாலையின் கர்னல் பாக்ஸர் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்தார். கூட்டின் அடியில் தட்டினால் பற்றும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. 1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றியில் 85 கிரெய்ன் மருந்தும் 480 கிரெய்ன் குண்டும் ஒரே பித்தளைப் பொருளாயின. கடிக்க வேண்டாம், கொட்ட வேண்டாம், இடிக்க வேண்டாம். பின்புறம் திறந்து செருகினால் போதும். எதையும் பிரித்துப் பார்க்காதவனுக்கு உறுப்புகளின் பெயர் தேவைப்படாது. முழுப் பொருளின் பெயரே, கண்ணுக்குத் தெரியும் கூர்முனைக்கும் ஆகிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் 'குண்டு' பீரங்கிக் குண்டு, துப்பாக்கிக் குண்டு, வெடிகுண்டு என்று மூன்று வேலை பார்க்கிறது. 'குண்டு பாய்ந்தது' என்பதைவிடத் 'தோட்டா பாய்ந்தது' என்பது ஐயமில்லாமல் துப்பாக்கியைக் காட்டும். செய்தி எழுதுவோர் அதை விரும்பியதில் வியப்பில்லை.

பழைய மார்ட்டினியைச் சுட விரும்பும் இன்றைய வெளிநாட்டு ஆர்வலர்கள் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் மேசையில் உறுப்புகள் மறுபடியும் பிரிந்து கிடக்கின்றன. 24 காஜ் வேட்டைத் துப்பாக்கியின் பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திக் கழுத்தைக் குறுக்குகிறார்கள். கேப்பு பொருத்தி, கருமருந்தை அளந்து கொட்டி, மேலே தேன்மெழுகு வில்லை வைக்கிறார்கள். கருமருந்துக்கும் குண்டுக்கும் இடையில் காற்று நின்றால் குழாய் வீங்கிப்போகலாம் என்பதால், குறைந்த மருந்து போடுவோர் எஞ்சிய இடத்தைச் சமையலறை ரவையால் நிரப்புவதும் உண்டு. குண்டு கடைசியாகத்தான் ஏறுகிறது, அதுவும் பலர் கையில் பழைய முறைப்படி காகிதம் சுற்றிக்கொண்டு. சுட்ட பிறகு குண்டு போய்விடும். கூடு கையில் நிற்கும். அதை அலசிக் காயவைத்து மறுபடி நிரப்புவார்கள்.

'மக்கள் வழக்கே பொருள். தோட்டா இன்று குண்டு என்றால் குண்டுதான்' என்று ஒருவர் மறுக்கலாம். வழக்கை மறுப்பதற்கில்லை, 'தோட்டா பாய்ந்தது' பிழையுமன்று. ஆனால் பழைய பொருள் சாகவில்லை என்பதும் வழக்கே. குவாரியில் அது உயிரோடு இருக்கிறது. 'வெற்றுத் தோட்டா' என்று நாளிதழ் எழுதும்போது, குண்டில்லாமல் ஓசைக்காகச் சுடுவதா, சுட்டபின் தரையில் கிடந்த பித்தளைக் கூடா என்று வாசகர் தடுமாறுவதற்குக் காரணம், இரு பொருளும் ஒரே சொல்லில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வதுதான். முன்னது துப்பாக்கி சுடப்பட்டதா என்ற கேள்விக்கு ஒரு விடை தரும், பின்னது வேறு விடை தரும். வழக்கு மன்றத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று. இதற்குப் புதுச் சொல் எதுவும் ஆக்க வேண்டாம். பறந்து போவதைக் குண்டு என்றும், பின்தங்குவதைக் கூடு என்றும், இரண்டும் மருந்தும் சேர்ந்து சுடத் தயாராக இருப்பதைத் தோட்டா என்றும் எழுதினால் போதும். மூன்று சொல்லும் ஏற்கெனவே நம்மிடம் இருப்பவைதாம்.