செம்புள்ளிக் குறிகாட்டியும் வான்கோழி வேட்டையும்

'ரெட் டாட் சைட்' எனப்படும் செம்புள்ளிக் குறிகாட்டி, துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் கருவியாகும். இதன் முன்னோடியான பிரதிபலிப்புக் குறிகாட்டிக்கு டப்ளின் நகர ஒளியியல் கருவியாளர் ஹாவர்டு கிரப் 1900இல் காப்புரிமை கோரினார். 1975இல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் மின்னணு வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் வான்கோழியை வேட்டையாடுவோர் அதன் தலையையும் கழுத்தையுமே குறிவைப்பர். குழல்முனையைக் குறுக்கும் 'சோக்', ரவைகளை நெருக்கமாகச் செலுத்துகிறது. எனவே சிறிது பிசகினாலும் பறவை காயத்துடன் தப்பிவிடக்கூடும். முனையிலுள்ள மணியை மட்டும் நம்புவோர், கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சரியாகப் பதிக்காவிட்டால் குறி மேலே போய்விடும். செம்புள்ளியில் இத்தவறு வெகுவாகக் குறைகிறது.

குறைந்த விலையில் வாங்குவோருக்கு உருப்பெருக்கம் தேவையில்லை. கடும் பின்னுதைப்பிலும் குறி நகராமல் நிற்பதே முதன்மையானது. காகித இலக்கில் சுட்டுச் சரிபார்த்த பின்னரே வேட்டைக்குச் செல்வது முறை.