முதுகைக் காட்டி நிற்கும் கார்

கல்யாண ஸ்டூடியோவில் கேமரா பிடித்துப் பிழைத்தவன் நான். காரைப் படமெடுக்க எங்களுக்குத் தெரிந்தது ஒரே கோணம்: முன்பக்கத்திலிருந்து, சற்றே சாய்வாக, கிரில்லும் ஒரு பக்கக் கதவும் சேர்ந்து விழும்படி. மாப்பிள்ளை பானெட்டில் கையை ஊன்றிக்கொள்வார். அமெரிக்காவில் பழைய கார்வெட் வைத்திருப்பவர்கள் ஆசையாக நீட்டும் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான். 1963-ஆம் வருடக் கூபே வைத்திருப்பவர் மட்டும் வண்டியைத் திருப்பி நிறுத்தி முதுகை எடுப்பார். பின்கண்ணாடியை நட்டநடுவில் இரண்டாக வகுக்கும் ஒரு பட்டைதான் காரணம்.

கார்வெட்டை ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் காட்டியது 1953 ஜனவரியில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில். அந்த வருடம் செய்தது 300 வண்டிகள். எல்லாமே வெள்ளை, உள்ளே சிவப்பு. உடம்பு தகரமல்ல, ஃபைபர்கிளாஸ். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். தோற்றம் ஸ்போர்ட்ஸ் கார், எஞ்சினோ ஆறு சிலிண்டர், இரண்டே கியர் ஆட்டோமேட்டிக். வாங்க ஆளில்லாமல் 1955-இல் 700 வண்டிகளோடு நின்றது. அதே வருடம் வந்த வி-8 எஞ்சினும், ஸோரா அர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளரின் பிடிவாதமும்தான் அதைக் காப்பாற்றின.

அந்த டன்டோவுக்கும் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கும் 1963 கார்வெட் ஸ்டிங் ரே கூபேயில் முட்டிக்கொண்டது. மூக்கிலிருந்து வால்வரை ஒரே முதுகெலும்பு ஓட வேண்டும் என்றார் மிட்செல். பின்னால் வருகிற வண்டி தெரியாது என்றார் டன்டோவ். மிட்செல் ஜெயித்தார், ஒரே ஒரு வருடம். 1964-இல் பட்டை போய்விட்டது. ஓட்டுகிறவனுக்கு டன்டோவ் சொன்னதுதான் சரி. படமெடுக்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு மிட்செலுக்கு.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். சில சொந்தக்காரர்கள் புது மாடல்போலத் தெரியட்டும் என்று தங்கள் 1963 வண்டியின் பட்டையை அறுத்தெறிந்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். மொத்தம் வந்ததே 10,594 கூபேக்கள். பின்னாளில் அந்தப் பட்டைக்காகவே விலை ஏறியபோது, அறுத்த இடத்தில் திரும்ப ஒட்டவைக்க வேண்டியதாயிற்று.

1973-இல் இல்லினாயில் தொடங்கிய புளூமிங்டன் கோல்டு என்ற கார்வெட் கண்காட்சி, தொழிற்சாலையை விட்டு வந்த நிலைக்கு வண்டி எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார்த்துச் சான்று தருகிறது. இப்படிப் பார்க்கிற உலகத்தில், வண்டி புதிதாக வந்த நாளில் வீட்டு வாசலில் எடுத்த மங்கிய படத்துக்கு உள்ள மதிப்பு, இன்று பளபளவென்று எடுக்கும் நூறு படங்களுக்கு இல்லை.

எனக்குப் பிடித்த கார்வெட் படம் லைஃப் பத்திரிகைக்காக ரால்ஃப் மோர்ஸ் எடுத்தது. அப்போலோ 12-இல் நிலவுக்குப் போன பீட் கான்ராட், டிக் கார்டன், ஆலன் பீன் மூவரும் தங்கள் கார்களோடு நிற்கிறார்கள். மூன்றும் 1969 மாடல். ஒரே தங்க நிறம், கறுப்புப் பட்டை. விண்வெளி வீரர்களுக்கென்று வருடத்துக்கு ஒரு டாலர் குத்தகையில் கொடுத்த வண்டிகள் அவை. குத்தகை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். சாதாரணப் பழைய வண்டிகளாக விற்றுப்போயின. பீனின் கார் பத்திரமாக இருக்கிறது. மற்ற இரண்டும் இன்றுவரை கண்ணில் படவில்லை.