பெட்டியடியிலிருந்து பி.டெக். வரை

செட்டிநாட்டில் ஒரு காலத்தில் பையனுக்கு வேலை முதலில் கிடைத்தது. படிப்பு அதன் பின்னால் வந்தது. எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தால், பத்துப் பன்னிரண்டு வயதிலேயே யாராவது ஒரு பங்காளியின் வட்டிக்கடையில் ‘பெட்டியடி’ ஆகச் சேர்த்துவிடுவார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. இந்தப் பின்னங்களைப் பெருக்கியும் கழித்தும் நாள் வட்டி போடத் தெரிய வேண்டும். காகிதமும் பென்சிலும் தேடுகிறவன் கடைக்கு ஆகமாட்டான்.

சரிந்த மூடி போட்ட கணக்குப் பெட்டி. அதன் முன்னால் பாயில் சம்மணமிட்டு முதலாளியோ ஏஜெண்டோ. அடியில் இந்தப் பையன். கடிதத்தை நகலெடுப்பான், தண்ணீர் கொண்டு வருவான், பாக்கி கேட்க ஓடுவான். இடையிடையே பேரேடு எப்படி எழுதப்படுகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். சில வருடங்களில் அடுத்தாள், அப்புறம் மேலாள், கெட்டிக்காரனாக இருந்தால் ரங்கூனிலோ பினாங்கிலோ ஏஜெண்டு. வேலை பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. தவணை முடிந்து ஊர் திரும்பி ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கை ஒப்படைத்து, கணக்கு நேர் ஆனால் அடுத்த தவணை. அவனிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. எந்த விலாசத்தில், அதாவது எந்தக் கடைப் பெயரில், வேலை பார்த்தான், அந்த முதலாளி என்ன சொல்கிறார் என்பதுதான் கேள்வி.

இந்த முறையைப் புகழ்ந்து எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. மேலாண்மைக் கல்லூரிகள்கூடப் பாடம் நடத்துகின்றன. ஆனால் அந்தப் பெட்டியடியில் இடம் பிடிக்க முதலில் ஒரு மாமனோ சித்தப்பாவோ கடை வைத்திருக்க வேண்டும். ஊரில் மாளிகை கட்டிய கொத்தனாரின் மகனுக்கும், செட்டியார் வீட்டிலேயே பிறந்த பெண் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. பட்டப்படிப்பு இந்த ஊருக்கு என்ன செய்தது என்று கணக்கெடுக்கிறவர்கள் இதை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது.

பெட்டியடி முறை தானாக ஒழிந்துவிடவில்லை, பர்மாவில்தான் உடைந்தது. 1930 வாக்கில் அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அந்த ஆண்டு நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய குடியானவர்களால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். பணம் முழுக்கச் சேற்றில் இறங்கிவிட்டது. 1941 கடைசியில் ஜப்பான் குண்டு போட்டது. செட்டியார்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஊர் வந்து சேர்ந்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. திரும்பிப் போகக் கடை இல்லை. பையன்களை உட்காரவைக்கப் பெட்டியும் இல்லை.

அதற்கு முன்பே சிலர் வேறு வழி பார்த்திருந்தார்கள். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். அந்தப் பட்டயத்தைப் பார்த்து வேலை தர அன்றைய தமிழ்நாட்டில் ஆள் ஏது? அவரே ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ்’ என்று ஒரு நிறுவனம் தொடங்கி, உலகம் சுற்றிப் படச் சுருள்களைச் சேகரித்து, 1940இல் காந்தி பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். தொழில்நுட்பப் படிப்பால் பெரிய காரியம் செய்தார் என்று சொல்லலாம். நல்ல வேலை கிடைத்தது என்று சொல்ல முடியாது.

அதே கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் பட்டம், சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி, குராய்டனில் விமானம் ஓட்டும் உரிமம். இத்தனையும் வாங்கிவிட்டு அவர் இலக்கியமும் கற்பிக்கவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. கேரளத்தில் நூற்பாலை நிறுவினார். ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமான கம்பெனி நடத்தியதில் அந்த உரிமம் கொஞ்சம் பயன்பட்டிருக்கலாம். தான் வாங்கிய சான்றிதழ்களை இவ்வளவு அலட்சியமாக மேசைக்குள் வைத்துப் பூட்டிய மனிதர் மற்றவர்கள் சான்றிதழ் வாங்குவதற்காகச் சொத்தையெல்லாம் கொடுத்தார்.

1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் தந்து, கிண்டியில் அவர் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி எழ வழி செய்தார். 1947இல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் சிற்றூர்களில் கல்லூரி தொடங்க வேண்டும் என்று பேச, அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடிக்கு ஒன்று என்று அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. 1952இல் பொறியியல் கல்லூரி. பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சி, உடற்கல்வி, பெண்கள் கல்லூரி என்று வரிசை நீண்டது. 1957இல், 48 வயது முடியும் தறுவாயில், அவர் இறந்தார். 1985இல் அந்த வளாகத்தில் பல்கலைக்கழகமே வந்தது.

கல்லூரி கட்டியவர்கள் தமிழ்நாட்டில் பலர் உண்டு. அழகப்பர் அவர்களிலிருந்து வேறுபட்டது இன்னொரு காரியத்தில். விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களுக்கு இடம் தேடியபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஒன்றைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஊரார் வாயில் ‘சிக்ரி’. படிக்கும் இடமும் படித்ததை வைத்துப் பிழைக்கும் இடமும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்ற யோசனை இதில் தெரிகிறது.

சிக்ரி செய்வது கண்ணுக்கு எட்டாத அறிவியல் அல்ல. மின்முலாம், பேட்டரி, காஸ்டிக் சோடா எடுக்கும் மின்முனைகள், துரு. இதில் துரு பெரிய விஷயம். மண்டபத்தில் கடற்கரையோரம் ஒரு நிலையம் உண்டு. வரிசையாக நிறுத்திய சட்டங்களில் உலோகத் தகடுகளைத் திருகிவைத்து உப்புக்காற்றில் விட்டுவிடுவார்கள். மாதங்கள், வருடங்கள் கழித்துக் கழற்றி, துருவைச் சுரண்டி, எடை போட்டு, எத்தனை கிராம் போயிற்று என்று குறிப்பார்கள். பாலம் கட்டுகிறவர்களுக்கும் கம்பி தயாரிக்கிறவர்களுக்கும் அந்த எண் வேண்டும்.

ஆனால் ஓர் ஆய்வுக்கூடம் எத்தனை பேருக்குச் சோறு போடும்? ஆட்களும் நாடெங்கிலுமிருந்து தேர்வாகி வந்தார்கள். அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைக்கும் என்று எதிர்பார்த்திருந்தால், அது நடக்கவில்லை. காரைக்குடியில் வேதியியல் படித்தவர்களில் பெரும்பாலோர் வாத்தியார் ஆனார்கள், வங்கியில் சேர்ந்தார்கள், அரசுத் தேர்வு எழுதினார்கள். அதைக் குறைவாகச் சொல்ல வேண்டியதில்லை. ரங்கூனில் மாமன் இல்லாத வீட்டிலிருந்து முதல் தடவையாக ஒருவர் மாதச் சம்பளம் வாங்கினார் என்றால், அது அந்தக் காகிதத்தால் வந்தது.

பொறியியல் பட்டம் வேலையைக் கையோடு கொண்டுவரும் என்ற நம்பிக்கை முதலில் அடிவாங்கியது இன்று நேற்றல்ல. 1966-67 தொழில் மந்தத்தில் நாடு முழுக்கப் பொறியாளர்கள் வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் நின்றார்கள். 1968இல் கல்லூரிகளின் சேர்க்கை இடங்களையே அரசு குறைத்தது. தமிழ்நாடு அதை மறந்துவிட்டது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 2010களின் தொடக்கத்தில் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. நடுவில் மென்பொருள் கம்பெனிகள் சிவில், மெக்கானிக்கல் என்று பார்க்காமல் வாரிக்கொண்டு போனதால், பட்டம்தான் வேலை தருகிறது என்ற தோற்றம் நிலைத்தது. கம்பெனிகள் கையைச் சுருக்கியதும் கல்லூரிகள் காலியாகி, பல மூடப்பட்டன.

அதன் பிறகுதான் பட்டத்துக்கு மேல் இன்னொரு சான்றிதழ் என்ற யுகம். ஜாவா, ஆட்டோகேட், டேலி. அரசே 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கி, கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சி தருகிறது. நான்கு வருடம் படித்தவனுக்கு வேலைக்கு வேண்டியதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதை அரசு ஒப்புக்கொண்டதாகவே இதைப் படிக்கலாம். இவற்றில் டேலி மட்டும் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. ஐந்தொகை கணினிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்ரி வளாகத்தில் 1988 முதல் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். நடக்கிறது. ஆராய்ச்சியாளர்களே பாடம் எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடம் அடுத்த கட்டிடத்தில். பெட்டியடிக்கு இன்று கிட்டத்தட்ட ஒப்பிடக்கூடியது இதுதான், மாமன் தேவையில்லை என்பது கூடுதல். ஆனால் தொடங்கிய காலத்தில் ‘மின்வேதியியல்’ என்றால் பெண் வீட்டாருக்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சந்தை பிறகுதான் வந்தது. 2018இல் சிக்ரி தன் லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மாற்றித்தர ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அதே பேட்டரிக்குப் போனது. மின்வாகனங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. பேட்டரி மின்கலம் செய்யும் பெரிய ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எழுந்திருக்கிறது. காரைக்குடியிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்த ஊர்ப் பிள்ளைகள் இன்னமும் பிழைப்பு தேடி வெளியூருக்கு, பழைய செட்டிநாட்டுச் சொல்லில் ‘கொண்டுவிக்க’, போக வேண்டித்தான் இருக்கிறது, கப்பலுக்குப் பதில் அதிகாலைப் பல்லவன் ரயில், அல்லது ஞாயிறு இரவு பெங்களூர் பஸ்.